அட்டைக் கட்டணமும் கடைக்காரர் கணக்கும்

கடன் பற்று அட்டையை நீட்டி நூறு வெள்ளிக்குச் சாமான் வாங்குகிறோம். நம் கணக்கில் நூறு வெள்ளி ஏறிவிடுகிறது. ஆனால், கடைக்காரர் கைக்கு அந்த நூறும் முழுமையாகச் சேர்வதில்லை. அட்டை கொடுத்த வங்கி, கடைக்கு இயந்திரம் கொடுத்த வங்கி, இரண்டையும் இணைக்கும் அட்டை நிறுவனம் ஆகிய மூன்றுக்கும் அதில் பங்கு உண்டு. 1950-ஆம் ஆண்டு நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றிய நாள் முதலே கடைக்காரரிடம் கட்டணம் கழிக்கும் வழக்கம் இருந்து வருகிறது.

நூற்றுக்கு ஒன்றரை வெள்ளி கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு தொகைதானே என்று தோன்றும். ஆனால், தொண்ணூறு வெள்ளிக்கு வாங்கிய சரக்கை நூறுக்கு விற்பவருக்கு இலாபம் பத்து வெள்ளியே. அந்தப் பத்தில் ஒன்றரை போனால், இலாபத்தில் நூற்றுக்குப் பதினைந்து போகிறது!

இதை எப்படி ஈடுகட்டுவது? பலர் எல்லாப் பொருளின் விலையையும் சற்று ஏற்றிவிடுகிறார்கள். விற்பனையில் பாதி அட்டையில் நடந்தால், நூறு வெள்ளிக்கு எழுபத்தைந்து காசு ஏற்றினால் ஏறக்குறையச் சரியாகிவிடும். ஆனால், ரொக்கம் கொடுப்பவரும் அந்த எழுபத்தைந்து காசைச் சுமக்கிறார். தோட்டத்துக் கடையில் பற்றுப் புத்தகம் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கடனுக்கு வாங்கியவருக்காகக் கைக்காசு கொடுத்தவரும் கூடுதல் விலை கொடுத்தது உண்டல்லவா? இதுவும் அதைப் போன்றதே.

அட்டைக்கு மட்டும் தனிக் கட்டணம் கேட்பது இன்னொரு வழி. வங்கியோடு செய்யும் ஒப்பந்தங்கள் பொதுவாக இதற்கு இடந்தருவதில்லை. ஆகவே ஒப்பந்தத்தைப் படிக்காமல் இதில் இறங்கக் கூடாது. ரொக்கத்திற்குச் சிறு கழிவு கொடுப்பது நல்ல வழி. வாடிக்கையாளரும் மகிழ்வார்.

நம் பிள்ளைகளில் யாரேனும் சிறு கடை வைத்தால் முதலில் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, இரண்டு மூன்று வங்கிகளில் கட்டண வீதத்தையும் இயந்திர வாடகையையும் கேட்டு ஒப்பிட வேண்டும். மாத வாடகை முப்பது வெள்ளி என்றால், முப்பது விற்பனைக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளி விழும். முந்நூறு விற்பனைக்குப் பத்துக் காசுதான். இரண்டு, சேமிப்புக் கணக்கிலிருந்து நேரே பணம் எடுக்கும் அட்டைக்குப் பொதுவாகக் கட்டணம் குறைவு. அதைக் கேட்டு வாங்கலாம். மூன்று, டூயிட்நாவ் கியூஆர் வழியாகப் பணம் பெறக் கட்டணம் எவ்வளவு, சிறு வணிகருக்கு விலக்கு உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

வங்கிகள் தமக்குள் வாங்கும் பங்குக்கு 2015 ஜூலையில் பேங்க் நெகாரா உச்ச வரம்பு வைத்தது. அரசு தன் பங்கைச் செய்தாலும், மாதக் கணக்குத் தாளைப் பார்க்க வேண்டியவர் கடைக்காரரே. கல்லாவில் விழுந்ததை மட்டும் எண்ணாமல், கழிந்ததையும் எண்ணுகிற கடையே நிலைக்கும்.