நல்ல மழையை நம்பிப் புல்லை உழுத சிமரோன்

நிலம் வாங்கப் போகிறீர்கள். பார்க்கப் போன அன்று பயிர் பச்சையாக நிற்கிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது. அந்த ஒரு காட்சியை வைத்து விலை பேசிவிடலாமா? கூடாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு மாவட்டமே சாட்சியாக இருக்கிறது. ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள சிமரோன் கவுண்டிதான் அது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு.

மேட்டுச் சமவெளியான இங்கு ஆண்டு மழை சராசரியாக 450 மி.மீ. அளவுதான். காற்றோ ஓயாது. இந்தச் சூழலுக்குப் பழகி வளர்ந்தவை பஃபலோ புல்லும் கிராமா புல்லும். தரைக்கு மேல் குட்டையாகவே வளர்ந்தாலும், இவற்றின் வேர்கள் அடர்ந்த வலைபோல மண்ணைப் பிடித்திருந்தன. அந்தப் புல்லை நம்பிக் காட்டெருமைகளும், காட்டெருமைகளை நம்பிக் கொமான்சே, கயோவா பழங்குடி மக்களும் வாழ்ந்தனர்.

மாநில எல்லைகளை வகுத்தபோது இந்தப் பகுதி எவர் கணக்கிலும் சேராமல் போனது. 1850இல் டெக்சஸ் இதை விட்டுக்கொடுத்தது. 1854இல் கன்சாஸின் எல்லை இதற்கு வடக்கே நின்றுவிட்டது. சுமார் 55 கி.மீ. அகலமும் 270 கி.மீ. நீளமும் கொண்ட துண்டு நிலம், ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்ற பெயரோடு 1890 வரை கிடந்தது. பட்டா கிடையாது, நீதிமன்றம் கிடையாது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் மந்தைகளை மேய்த்தனர். 1890இல் இது ஓக்லஹோமாவோடு சேர்ந்தது. 1907இல் மாநிலம் உருவானபோது மூன்று கவுண்டிகளாகப் பிரிந்தது. அவற்றில் மேற்கே இருப்பது சிமரோன்.

விளம்பரத்தில் முளைத்த ஊர்

அடுத்த ஆண்டே நில வியாபாரிகள் வந்துவிட்டார்கள். பாய்ஸ் சிட்டி என்ற பெயரில் மனை போட்டு, மரங்கள் நிழல் தரும் சாலைகள், தானே பொங்கும் ஊற்றுக்கிணறு, ரயில் வசதி என்று துண்டுப் பிரசுரம் அச்சிட்டுத் தூர ஊர்களில் விற்றார்கள். வாங்கியவர்கள் வந்து பார்த்தால் வெறும் புல்வெளி! விற்றவர்கள் மோசடி வழக்கில் சிறை சென்றார்கள். ஆனாலும் ஊர் நிலைத்தது. இன்று கவுண்டியின் தலைமையிடம் அதுதான்.

மனை விற்றவர்களின் பொய்யை நீதிமன்றம் கண்டுபிடித்தது. மழை சொன்ன பொய்யைத்தான் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1909இல் வந்த சட்டம், வறண்ட பகுதிகளில் குடியேறும் குடும்பத்துக்கு 320 ஏக்கர் வரை தந்தது. முதல் உலகப் போரின்போது கோதுமை விலை புஷலுக்கு, அதாவது சுமார் 27 கிலோவுக்கு, 2 டாலரைத் தாண்டியது. 1920களில் டிராக்டரும் ரயிலும் வந்தன. அந்தப் பத்தாண்டில் பெரும்பாலும் மழையும் ஏமாற்றவில்லை. இதுதான் இந்த மண்ணின் இயல்பு என்று நம்பி, புல்வெளியைப் புரட்டிப் போட்டார்கள். 1931இல் விலை 40 சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. கடனை அடைக்க இன்னும் அதிகமாக உழுதார்கள். அதன் பிறகு மழை பொய்த்தது.

காற்று அள்ளிய மேல்மண்

காற்று அரிப்பில் முதலில் போவது மணல் அல்ல என்பதை இங்கே கவனியுங்கள். மணல் துகள் கனமானது, தரையை ஒட்டித் துள்ளித் துள்ளி நகரும். அது மோதும்போது கிளம்பும் நுண்ணிய வண்டலும் மக்கும்தான் உயரே பறந்து வெகுதூரம் போகின்றன. பயிருக்குச் சோறு போடும் பகுதியே அதுதான். வட்டுக் கலப்பையால் பொடியாக்கி, தாளையும் புதைத்துவிட்ட வயலில் இதைத் தடுக்க எதுவும் இல்லை.

1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் எழுந்த புழுதிச் சுவர் பாய்ஸ் சிட்டியைப் பகலிலேயே இருட்டாக்கியது. ‘கறுப்பு ஞாயிறு’ என்று அந்த நாளை இன்றும் சொல்கிறார்கள். அதே மாதம் 27ஆம் தேதி, மண்ணியல் அறிஞர் ஹியூ பென்னட்டின் விடாமுயற்சியால் அமெரிக்காவின் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1930இல் 5,000க்கு மேல் இருந்த கவுண்டியின் மக்கள்தொகை, 1940இல் 4,000க்குக் கீழ் இறங்கியது.

தங்கியவர்கள் உழவை மாற்றினார்கள். காற்றின் திசைக்குக் குறுக்கே ஆழமாகச் சால் போட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பு கட்டினார்கள். அறுத்த தாளை வயலிலேயே விட்டார்கள். கெட்டுப்போன நிலத்தில் ஒரு பகுதியை அரசு வாங்கி மீண்டும் புல் விதைத்தது. ரீட்டா பிளாங்கா என்ற அந்தப் புல்வெளி இன்றும் இருக்கிறது.

எனவே, நிலத்தைப் பார்க்கப் போனால் பயிரை மட்டும் பார்க்காதீர்கள். முப்பது ஆண்டு மழைக் கணக்கைக் கேளுங்கள். அதில் எத்தனை ஆண்டுகள் வறண்டன என்று எண்ணுங்கள். அங்கே இயல்பாக என்ன புல் வளர்கிறது என்று பாருங்கள். வாங்கிய பிறகு, அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் மண்ணை வெறுமையாக விடாதீர்கள். தாளாவது மூடாக்காவது அதன் மேல் இருக்கட்டும். விலை வீழ்ந்தால் அடுத்த ஆண்டு ஏறக்கூடும். பறந்து போன மேல்மண் ஓர் அங்குலம் திரும்பி வர நூற்றாண்டுகள் ஆகும்.