இரண்டு பாத்தி மக்காச்சோளம்

"அவனுக்குப் படிப்பு ஏறாது சார், குடும்பமே அப்படித்தான்." ஆசிரியர் அறையில் நானும் இப்படிச் சொல்லியிருக்கிறேன். ஏறத்தாழ இதே கருத்தை ஓர் ஆய்விதழ் எண்களோடு வெளியிட்டபோது எழுந்த சர்ச்சையைப் படித்த பிறகுதான் என் தவறு எங்கே என்று புரிந்தது.

1969இல் கலிபோர்னியா பல்கலைக்கழகக் கல்வி உளவியலாளர் ஆர்தர் ஜென்சன், ஹார்வர்டு கல்வி ஆய்விதழில் நூறு பக்கங்களுக்கு மேல் ஒரு கட்டுரை எழுதினார். நுண்ணறிவு ஈவு வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபுவழி வருவது என்றார். அமெரிக்காவில் வெள்ளையர், கறுப்பினத்தவர் சராசரிகளுக்கு இடையே இருந்த 15 புள்ளி இடைவெளிக்கும் மரபணு காரணமாகலாம் என்றார். ஏழைக் குழந்தைகளுக்கான ஈடுசெய் கல்வி தோற்றுவிட்டதாகவும் எழுதினார். மாணவர்கள் கொதித்தெழுந்தனர், அவருக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. மிரட்டல் மறுப்பாகிவிடாது.

மறுப்பைத் தந்தவர்களில் ஒருவர் மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின். 1970இல் அவர் சொன்ன எடுத்துக்காட்டு நம் வகுப்பறைக்கே பொருந்தும். பலவகை மரபணுக்கள் கலந்த மக்காச்சோள விதையில் இரண்டு கைப்பிடி எடுங்கள். ஒன்றைச் சத்துள்ள மண்ணிலும் மற்றதைச் சத்தற்ற மண்ணிலும் விதையுங்கள். ஒரு பாத்திக்குள் எல்லாச் செடிக்கும் ஒரே மண், ஒரே நீர். ஆகவே அங்கு உயர வேறுபாடு முழுவதும் மரபுவழிதான். ஆனால் இரு பாத்திகளின் சராசரி உயரத்துக்கு இடையே உள்ள வேறுபாடு? அது முழுக்க மண்ணால் வந்தது. 80 விழுக்காடு என்ற எண் சரியென்றே கொண்டாலும், அது ஒரு பாத்திக்குள் மட்டுமே பேசும்.

பி.எட். உளவியலில் இரட்டையர் ஆய்வு படித்தோமே, ஜென்சன் பெரிதும் நம்பிய சிரில் பர்ட்டின் ஆய்வும் அதுதான். பிரிந்து வளர்ந்த இரட்டையர் 21 இணைகளாக இருந்தபோதும் 53 ஆனபோதும் ஒட்டுறவுக் கெழு 0.771 அசையவே இல்லை! 1974இல் லியோன் காமின் இந்த விந்தையைச் சுட்டிக்காட்டினார்.

1984இல் ஜேம்ஸ் ஃபிளின் காட்டியது இன்னும் வலுவானது. 1932 முதல் 1978 வரை வெள்ளை அமெரிக்கர்களின் சராசரியே ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்திருந்தது. 46 ஆண்டுகளில் மரபணு அவ்வளவு மாறாது.

நான் குறைசொன்ன மாணவனின் வருகைப் பதிவேட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்குப் பின் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறான். அவன் அக்காவின் பதிவும் அப்படியே இருந்தது.