சாவி வைத்திருப்பவருக்கும் ஒரு பாடம்

சிறைச் சோற்றில் புழு கிடந்தால் யாருக்குக் கோபம் வருகிறது? கைதியை அடித்த காவலர் மறுநாளும் அதே பிளாக்குக்கு வேலைக்கு வருகிறாரா? இதெல்லாம் சட்டப் புத்தகத்தைவிட அந்தச் சிறையின் தலைவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. அமெரிக்காவில் அவரை வார்டன் என்பார்கள். நம் கணக்கில் சிறைக் கண்காணிப்பாளர். ஆனால் சீர்திருத்தம் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் கைதியைத்தான் திருத்தப் போகிறார்கள்.

‘ப்ரிசன் ஃபெல்லோஷிப்’ என்ற கிறிஸ்தவ அமைப்பும் கைதிகளிடம்தான் முதலில் போனது. அதை 1976-இல் தொடங்கிய சார்லஸ் கோல்சன், அதிபர் நிக்சனின் வலதுகையாக இருந்தவர். நீதிக்குக் குறுக்கே நின்ற குற்றத்தை 1974-இல் ஒப்புக்கொண்டு, அலபாமாவின் மேக்ஸ்வெல் சிறையில் ஏழு மாதம் இருந்தார். உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும், மேலே இருப்பவரின் மனநிலை கீழே வரை எப்படி இறங்கும் என்று. அதே அமைப்பு இன்று ‘வார்டன் எக்ஸ்சேஞ்ச்’ என்ற பெயரில் வார்டன்களுக்கே பயிற்சி தருகிறது. பல மாநிலங்களின் வார்டன்கள் நேரில் கூடுகிறார்கள். மீதி நாட்களில் இணையவழி வகுப்பு. சட்டம், நிர்வாகம், கல்வித்துறை ஆட்கள் வந்து பேசுகிறார்கள். கைதியை மனிதனாக நடத்தும் சிறையை எப்படி உருவாக்குவது என்பதே பேச்சு.

பயிற்சிக்கு வரும் வார்டன்கள் அரசு அதிகாரிகள் என்பதால், இங்கே மதத்தின் எல்லை முக்கியம். அயோவா மாநிலச் சிறையில் இதே அமைப்பு அரசுப் பணத்தில் நடத்திய பைபிள் அடிப்படையிலான திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2006-இல் தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும் 2007-இல் அது நின்றது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். உணவும் அறையும் சலுகையும் கையில் வைத்திருப்பவர் ஜெபத்துக்குக் கூப்பிட்டால், கைதியால் எப்படி மறுக்க முடியும்?

அப்படியானால் வார்டனின் விசுவாசத்துக்கு என்ன இடம்? லூசியானாவின் அங்கோலா சிறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அடிமைகள் உழைத்த பழைய தோட்டம் அது, 18,000 ஏக்கர். 1995-இல் அங்கே வார்டனாக வந்தவர் பர்ல் கெய்ன். அந்த ஆண்டே ஒரு மரண தண்டனையை நிறைவேற்ற வேண்டி வந்தது. சாகப்போகிறவரின் ஆன்மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வேலையை முடித்துவிட்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். இந்த மனிதர்களுக்காகக் கடவுள் உன்னிடம் கணக்குக் கேட்பார் என்று அவருடைய அம்மா சொல்லி வைத்திருந்தாராம். அடுத்த ஆண்டு அன்டோனியோ ஜேம்ஸ் என்பவரின் தண்டனையின்போது கெய்ன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

1994-இன் குற்றத்தடுப்புச் சட்டம் கைதிகளுக்கான கல்லூரி உதவித்தொகையை நிறுத்தியிருந்தது. கெய்ன் நியூ ஆர்லியன்ஸ் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியைச் சிறைக்குள் அழைத்து வந்தார். ஆயுள் கைதிகள் பட்டம் பெற்று, சக கைதிகளுக்குப் போதகர்களானார்கள். மரணப் படுக்கையில் கிடந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சிலர் வேறு சிறைகளுக்கும் ஊழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் காலத்தில் ஓர் அடக்கத்தில் மலிவான சவப்பெட்டி கிழிந்து உடல் வெளியே விழுந்தது. இனி இப்படி நடக்கக் கூடாது என்று, கைதிகளையே மரப்பெட்டி செய்யவைத்தார் கெய்ன். தச்சு தெரிந்த ஆயுள் கைதிகள் இழைத்து, மெருகேற்றி, உள்ளே துணி தைத்தார்கள். குதிரை வண்டியில் ஊர்வலம் போனது. பிரசங்கியார் பில்லி கிரஹாம் 2018-இல் அடக்கம் செய்யப்பட்டது அங்கோலா கைதிகள் செய்த பெட்டியில்தான்.

இதோடு நிறுத்தினால் நல்ல சாட்சியாகிவிடும். ஆனால் அதே வார்டன், ஆல்பர்ட் உட்ஃபாக்ஸ் விஷயத்தில் என்ன செய்தார்? 1972-இலிருந்து தனிச்சிறையில் கிடந்தவர் உட்ஃபாக்ஸ். அவர்மீது சுமத்தப்பட்ட கொலையை அவர் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், கருஞ்சிறுத்தை (பிளாக் பாந்தர்) இயக்கத்தின் கொள்கையை விடாதவரைத் தனிச்சிறையில்தான் வைப்பேன் என்று 2008-இல் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார் கெய்ன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தனிமையில் கழித்த பிறகு 2016-இல்தான் உட்ஃபாக்ஸ் வெளியே வந்தார். மரண தண்டனைக் கைதிகளின் கட்டடத்தில் கோடை வெப்பம் தாங்க முடியவில்லை என்று மூன்று பேர் வழக்குப் போட்டபோது, நீதிமன்றம் வெப்பத்தை அளந்துகொண்டிருந்த நாட்களில் அதிகாரிகள் அவசரமாகப் பந்தல் போட்டு, சுவரில் தண்ணீர் அடித்தார்கள். நீதிபதி அதைக் கண்டித்தார். அந்த வெப்பம் கொடூரமான தண்டனை என்று 2013-இல் தீர்ப்பளித்தார். கைதிகளுக்கு வேண்டியவர்களோடு நில வியாபாரம் செய்தார் என்ற செய்திகள் கிளம்பிய 2015-இல் கெய்ன் ராஜினாமாவை அறிவித்தார். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

சாகிறவனின் கையைப் பிடித்தது வேஷம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த இரக்கம் உண்மை. ஆனால் தன் ஜெபத்தில் சேர்ந்துகொண்டவரிடம் எளிதாகப் போன அது, எதிர்த்து நின்ற உட்ஃபாக்ஸிடம் போகவில்லை. வார்டன்களுக்கான எந்தப் பயிற்சியிலும் சவப்பெட்டிக் கதையைச் சொல்லும் அதே நாளில், அந்த 2008 வாக்குமூலத்தையும் மேசையில் வைத்து, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். விசுவாசிகள் நடத்தும் வகுப்பில் இதைக் கேட்காவிட்டால் வேறு எங்கே கேட்பது?

2020-இல் மிசிசிப்பி ஆளுநர் தம் மாநிலச் சிறைத்துறையின் தலைமைப் பொறுப்பைக் கெய்னிடம் கொடுத்தார். அங்குள்ள பார்ச்மன் சிறையில் வன்முறையும் தற்கொலையும் தடுக்கப்படவில்லை, கைதிகள் நீண்டநாள் தனிமையில் அடைக்கப்படுகிறார்கள் என்று 2022 ஏப்ரலில் மத்திய நீதித்துறை அறிக்கை தந்தது. பல கேடுகள் அவர் வருவதற்கு முன்பே இருந்தவை. அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் இருந்தவர் அவர்.