கோயிலுக்குக் காவல் உண்டு. தங்கவயலின் இரும்புக் கோபுரங்களுக்கு?

2002-ல் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக எடுத்துக்கொள்ள இந்தியத் தொல்லியல் துறை அறிவிக்கை வெளியிட்டது. ஊரில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. வழிபாட்டில் கை வைப்பார்கள், மாடவீதியில் சுவர் எழுப்பவும் டெல்லியைக் கேட்க வேண்டிவரும் என்று பக்தர்களும் வியாபாரிகளும் அஞ்சினார்கள். கடைசியில் அரசு பின்வாங்கியது. தொல்லியல் துறை வேண்டாம் என்று சொல்லவே அந்தக் கோயிலுக்கு அத்தனை பேர் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2001 பிப்ரவரி 28 அன்று, கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கே நிற்கும் கோபுரங்கள் இரும்பாலானவை. அவற்றைக் காப்பாற்றச் சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் பெரிய கூட்டம் எதுவும் திரளவில்லை.

தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. நமக்கென்ன என்று கேட்கலாம். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அவர்களிலும் பெரும்பகுதியினர் நிலமற்ற தலித் குடும்பத்தினர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் அந்தப் பழைய வட ஆற்காட்டிலிருந்து 1989-ல் பிரிந்ததுதான். ‘தங்கலான்’ படம் வந்த பிறகு இதைத் தனியாக விளக்க வேண்டிய தேவை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அங்கே என்ன இருக்கிறது?

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் தங்கவயலில் கால் வைத்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் வரிசையாகத் திறக்கப்பட்டன. சுமார் 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். அப்படிச் செத்தவர்கள் பலர்.

சுரங்கத்தின் உள்ளே இருந்தவை இனி யாருக்கும் கிடைக்காது. பம்புகளை நிறுத்தியதும் தண்ணீர் ஏறிவிட்டது. வளிமண்டல நியூட்ரினோ துகளின் தடயத்தை 1965-ல் பிடித்த ஆய்வுக்கூடம், சாம்பியன் ரீஃபில் தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தது. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தினர் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து செய்த வேலை அது. உலக இயற்பியல் வரலாற்றில் இடம்பெற்ற அந்த இடமும் இப்போது நீருக்கடியில்.

எனவே காப்பாற்றுவது என்றால் தரைக்கு மேல் உள்ளதைத்தான். அதில் முதலிடம், சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழிகளான ஷாஃப்டுகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களுக்கு.

அந்தக் கோபுரம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதன் அருமை புரியும். கிணற்று ராட்டினம்போல உச்சியில் பெரிய சக்கரம். அதன் மேல் ஓடும் எஃகுக் கம்பிவடத்தின் ஒரு முனை, ஆட்கள் இறங்கும் கூண்டில். மறுபக்கம் சற்றுத் தள்ளியிருக்கும் எஞ்சின் கட்டடத்துக்குள் போய், ஆளுயரத்தைவிடப் பெரிய உருளையில் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் ஓட்டுபவருக்குக் கூண்டு கண்ணில் படாது. முன்னால் இருக்கும் முள் அது எந்த ஆழத்தில் நிற்கிறது என்று காட்டும். மணி அடிக்கும் கணக்கை வைத்து ஏற்றுவதா, இறக்குவதா, வருவது மனிதரா கல்லா என்று தெரிந்துகொள்வார். கோபுரம், கம்பிவடம், உருளை, மணி நான்கும் சேர்ந்தால்தான் அது ஒரு இயந்திரம். கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து உருளையைக் காயலான் கடைக்கு அனுப்பினால் மிஞ்சுவது வெறும் இரும்புச் சட்டம். பாதுகாப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்தத் தவறு நடப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த உருளைகளைச் சுற்றவைத்த மின்சாரத்துக்கும் ஒரு கதை உண்டு. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் 1902 ஜூனில் தங்கவயலை எட்டியது. கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் தூரம். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று. பெங்களூரு தெருவிளக்கு எரிந்தது 1905-ல்தான். ஆனால் தங்கவயலுக்கு வந்த மின்சாரம் முதலில் போனது இயந்திரங்களுக்கும் பங்களாக்களுக்கும். தொழிலாளி அப்போது மூங்கில் தட்டி வைத்த குடிசையில் இருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவமுள்ள ஒரு கட்டுமானம் 100 ஆண்டுகளைக் கடந்திருந்தால் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கலாம். கல்லால் கட்டியிருக்க வேண்டும், மன்னர் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கர்நாடகத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாட்டுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் 2012-ல் வந்த மரபுச் சின்ன ஆணையச் சட்டமும் தனியாக உள்ளன. தங்கவயலின் பழைய கட்டுமானங்களில் பல இந்த வயதுக் கணக்கில் தேறிவிடும்.

அப்படியிருந்தும் நடக்காததற்கு ஒரு காரணம், அறிவித்தவுடன் வரும் தடைகள். 2010-ல் செய்த திருத்தப்படி நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். திருவண்ணாமலை பயந்ததும் இத்தகைய வளையத்துக்குத்தான். சுரங்கம் மூடிய ஊரில் பிழைப்புக்காகக் கோரமண்டல், மாரிக்குப்பம் நிலையங்களில் விடியுமுன் ரயிலேறி பெங்களூரு போய்வரும் குடும்பத்திடம், உங்கள் வீட்டுக்கு ஓர் அறை கூட்டக்கூடாது என்றால் யார் ஒப்புவார்கள்? ஆகவே தேசியச் சின்னம் என்ற பெரிய பட்டத்தைவிட, கட்டடம் கட்டடமாகப் பட்டியலிட்டு மாநில அரசு பாதுகாப்பதே இங்கே பொருந்தும்.

இன்னொரு வேடிக்கை: கோலார் பகுதியின் எரிமலைப் பாறைகளைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறை முன்பே அறிவித்திருக்கிறது. பாறைக்குக் கிடைத்த மரியாதை, பாறையைக் குடைந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

எதை விடலாம், எதை விடக்கூடாது?

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது; வேண்டியதும் இல்லை. தாதுக்கல்லை அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுதான் ஊர்க்காரர்கள் சொல்லும் சயனைடு மலை. சுமார் 3.3 கோடி டன் குவிந்திருக்கிறது. காற்று வீசினால் தூசு வீட்டுக்குள் வரும். அதில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அரசு இசைவு தந்தது. அந்த மேடுகள் போவதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே படம்பிடிக்க வரும் சினிமாக்காரர்களுக்குத்தான் நஷ்டம்.

பங்களாக்களும் கிளப் கட்டடமும் எப்படியும் பிழைத்துவிடும். அழகாக இருக்கின்றன, ஹோட்டல் நடத்தலாம். ஆபத்தில் இருப்பவை தொழிலாளர் ‘லைன்’ வீடுகள். ஒரே அறை, ஒட்டிய சுவர்கள். கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து 1930-ல் நடந்த வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு ஆள் திரண்டது இப்படிப்பட்ட குடியிருப்புகளில்தான். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டதும் இந்த மக்களிடையேதான். ஒரு வரிசை வீட்டையாவது உள்ளது உள்ளபடி நிறுத்தாமல் தங்கவயலுக்கு அருங்காட்சியகம் வைப்பது, முதலாளியின் ஆல்பத்தைத் திறந்து காட்டுவதாகத்தான் முடியும்.

வெளிநாட்டில் இதற்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்தை 1986-ல் மூடினார்கள். அதன் இரட்டைக்கால் கோபுரத்தையும் கட்டடங்களையும் மாநில அரசு காப்பாற்றி அருங்காட்சியகமாகவும் கலைக்கூடங்களாகவும் மாற்றியது. 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தங்கவயல் மூடப்பட்ட அதே ஆண்டு. ஜப்பானின் சாடோ தங்கச் சுரங்கம் 2024-ல் பட்டியலில் சேர்ந்தபோது, போர்க்காலத்தில் அங்கே வேலைவாங்கப்பட்ட கொரியர்களின் வரலாற்றையும் காட்ட வேண்டும் என்று தென்கொரியா நெருக்கியது, ஜப்பான் இசைந்தது. உழைத்தவர்களுக்காகப் பேச ஒரு நாடு இருந்தது. தங்கவயல்காரர்களுக்கு அப்படிப் பேசக் கர்நாடகமும் தமிழ்நாடும் சேர்ந்துதான் முன்வர வேண்டும்.

கழிவு மேடுகளில் இயந்திரங்கள் இறங்கும் முன்பே எந்தெந்தக் கோபுரம், எந்த எஞ்சின் கட்டடம், எந்த லைன் நிற்கும் என்ற பட்டியலைக் கர்நாடகத் தொல்லியல் துறை வெளியிட வேண்டும். நம் பக்கத்தில் செய்ய வேண்டியது சிறியது. உங்கள் தாத்தா தங்கவயலில் வேலை பார்த்தவர் என்றால், அவருடைய சம்பளச் சீட்டு, டோக்கன், பழைய போட்டோ ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்னால் ஊர், பெயர், வேலை பார்த்த ஷாஃப்ட் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.