குழாயில் ஒரு கீறல்

பொறியின் புகை வீணே வெளியேறுகின்றது. அதன் விசையைக் கொண்டே காற்றை அமுக்கி உருளைகளுக்குள் செலுத்தலாம் எனக் கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் பூக்கி. 1905-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பதிவு செய்த கருத்தே இன்றைய டர்போ. சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனம் 1978-ஆம் ஆண்டில் டர்போ பொருத்திய மோட்டார் வண்டிகளை விற்கத் தொடங்கியது.

அத்தகைய பழைய வண்டியொன்று நின்றபடி ஓடுகையில் குலுங்குகின்றது. விரைந்து செல்கையிலோ கரும்புகை கக்குகின்றது. முன்னது காற்று மிகுந்ததன் அறிகுறி. பின்னது பெட்ரோல் மிகுந்ததன் அறிகுறி. மாறுபட்ட இவ்விரு குறைகளும் ஒரே கீறலால் நேரக்கூடும் என்றால் வியப்பன்றோ?

உட்புகும் காற்றை டர்போவுக்கு முன்னரே ஒரு தட்டு அளக்கின்றது. அவ்வளவுக்கேற்பப் பெட்ரோல் பாய்கின்றது. பொறி மெல்ல ஓடுங்கால் உருளைகளை அடுத்த குழாயில் அழுத்தம் குறைவு; ஆதலின் வெப்பத்தால் வெடித்த ரப்பர்க் குழாய் வழியே அளவுக்குட்படாத காற்று நுழையும். டர்போ விசைகொண்டதும் அங்கே அழுத்தம் மிகும்; அளந்த காற்று அக்கீறல் வழியே வெளியேறும். பெட்ரோலோ குறைவதில்லை. அம்மிகைப் பெட்ரோல் நாளடைவில் உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும், உருளை தேயும்.

இதனை அறியாதார் பொறியையே பிரித்துப் போடுவர். வீண் செலவு! பொறியை நிறுத்தி, நன்கு ஆறவிட்டு, குழாய்க்குள் சிறிதளவு காற்றை அடைத்து, வெளியே சோப்பு நீரைத் தடவுதல் வேண்டும். மிதிவண்டிக் கடைக்காரர் டியூபை நீரில் அமிழ்த்துவது போன்றதே இது. குமிழி எழும் இடத்தில் குழாயை மாற்றுக.