கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரத்தம் பட்டால்... பயப்படணுமா, காத்திருக்கலாமா?

சம்பா நடவு நேரம். திருவையாறு பக்கம் ஒரு வயலில், நாள் தள்ளிப்போய் ஐம்பது நாள் ஆன பெண் ஒருவர் நாற்று நடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதியம் பார்த்தால் துணியில் லேசாக ரத்தக் கறை. ‘உடம்பு சூடு, இளநீர் குடிச்சா சரியாயிடும்’ என்பார் ஒருவர். ‘சேத்துல இறங்கினே இல்ல, கலைஞ்சிருக்கும்’ என்பார் இன்னொருவர். ஸ்கேன் பார்க்காமல் இரண்டையுமே சொல்ல முடியாது.

ரத்தம் வந்தாலே கரு கலைந்துவிட்டதா?

இல்லை. முதல் 3 மாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தக்கசிவு வருகிறது. அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. கரு கருப்பையில் ஒட்டும்போதும், கருப்பை வாய் மென்மையாகி இருக்கும்போதும் லேசாக ரத்தம் படலாம்.

அப்புறம் ஏன் உடனே போகணும்?

ஆபத்து எவ்வளவு என்பதை ரத்தத்தின் அளவு காட்டாது. கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் வளர்ந்தால், வெளியே வருவது நாலு சொட்டாக இருக்கலாம். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் பெருகும். 100 கர்ப்பத்தில் 1 அல்லது 2 இப்படி அமைகிறது. வீட்டில் செய்யும் சிறுநீர் பரிசோதனையில் இதுவும் ‘கர்ப்பம்’ என்றே காட்டும். ஸ்கேன்தான் கரு எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஸ்கேனால் கருவுக்குக் கெடுதல் இல்லை.

எப்போது 108-ஐ அழைக்கணும்?

* அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கமாக, கடும் வலி
* தோள்பட்டை நுனியில் வலி
* தலைசுற்றல், மயக்கம்
* ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, கட்டிகட்டியாகப் போவது
* ரத்தப்போக்குடன் காய்ச்சல்

இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலி இல்லாத லேசான கசிவு என்றால் அன்றே கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூர், நாகப்பட்டினத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

வெள்ளைப்படுதல்?

கர்ப்பத்தில் வாடையில்லாத வெள்ளைப்படுதல் கூடுவது இயல்பு. மஞ்சள், பச்சை நிறம், கெட்ட வாடை, அரிப்பு, எரிச்சல் இருந்தால் தொற்றாக இருக்கலாம். கடையில் நீங்களாக மாத்திரை வாங்க வேண்டாம்.

ரத்த வகையைச் சொல்லுங்கள்

உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ‘ஆன்டி-டி’ ஊசி போடுவார்கள். அடுத்த கர்ப்பத்துக்கான பாதுகாப்பு அது. எப்போது தொடங்கியது, எத்தனை நாப்கின் நனைந்தது, கடைசி மாதவிலக்குத் தேதி என்ன என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடவுக்குப் போனதால்தான் கலைந்ததா?

ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அது யார் கையிலும் இல்லை. அன்றாட வேலை செய்ததால் கரு கலைவதில்லை; படுத்தே கிடந்தால் அது நின்றுவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ‘உன்னாலதான்’ என்ற பேச்சுக்குப் பயந்தே பல பெண்கள் கறையை மறைத்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பேச்சை விட்டாலே, அவர்கள் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார்கள்.