கொலையாளியைக் காட்டாதீர்கள்! வீட்டு கம்ப்யூட்டரில் த்ரில்லர் ட்ரெய்லர்

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் என் சித்தி மகன் சில மாதங்களுக்கு முன் ஒரு பென் டிரைவுடன் வீட்டிற்கு வந்தான். அவனும் நண்பர்களும் சேர்ந்து மொபைல் போனில் 20 நிமிட த்ரில்லர் படம் எடுத்திருந்தார்கள். அதற்கான ட்ரெய்லரை நான்கு நாட்களில் கல்லூரியில் திரையிட்டுக் காட்ட வேண்டும். "ட்ரெய்லர் ரெடி. ஒரு தடவை பாருக்கா" என்றான்.

பார்த்தேன். 3 நிமிடம் 40 விநாடி ஓடியது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு மாணவன் காணாமல் போகிறான். பக்கத்து வீட்டுக்காரர் தேடுவதற்கு உதவுகிறார். கடைசியில் அவரே கையில் கத்தியுடன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னணியில் ஒரு பிரபல சினிமா பாட்டு.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் பார்த்தவங்க இனிமே படத்தை எதுக்குப் பார்க்கணும்?" என்று கேட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. "அந்த ஷாட்டை மட்டும் தூக்க முடியாதுக்கா. வில்லனா நடிச்சவன் போன்லதான் மொத்தப் படத்தையும் எடுத்தோம். அவங்க அம்மா வேற பார்க்க வர்றாங்க."

அடுத்த நான்கு நாட்களில் நாங்கள் செய்ததைத்தான் இங்கே தருகிறேன். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இதனைச் செய்யலாம்.

முதலில் சாப்ட்வேர்

முன்பு வீடியோ எடிட்டிங் என்றாலே பலரும் விண்டோஸ் மூவி மேக்கரைத்தான் பயன்படுத்தினார்கள். அதனை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. இப்போது விண்டோஸ் 11 உடன் கிளிப்சாம்ப் கிடைக்கிறது. நாங்கள் பயன்படுத்தியது ஷாட்கட். இது இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

எடிட்டிங் தொடங்கும் முன் எல்லா வீடியோ, ஒலி பைல்களையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே போல்டரில் காப்பி செய்துவிடுங்கள். நீங்கள் சேவ் செய்திடும் புராஜக்ட் பைலில் வீடியோ இருக்காது. எந்த வீடியோ எங்கே இருக்கிறது, எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். பென் டிரைவைக் கழற்றினாலோ போல்டரின் பெயரை மாற்றினாலோ ஷாட்கட்டால் பைலைக் கண்டுபிடிக்க முடியாது. வீடியோ திக்கித் திக்கி ஓடினால் செட்டிங்ஸ் மெனுவில் உள்ள பிராக்சி வசதியைப் பயன்படுத்தவும். எடிட் செய்யும்போது சிறிய பிரதியைக் கொண்டு வேலை நடக்கும். வேகம் குறைந்த கம்ப்யூட்டருக்கு இது பெரிய உதவி.

பதிலை வெட்டுங்கள்

த்ரில்லர் ட்ரெய்லரின் முதல் விதி, கேள்வியை மட்டும் காட்டுவது. ஹிட்ச்காக்கின் சைக்கோ 1960ல் வெளியானது. அதன் ட்ரெய்லர் 6 நிமிடத்திற்கும் மேல் ஓடும். அதில் ஹிட்ச்காக்கே வந்து கதை நடக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டுவார். இந்த இடத்தில்தான் அது நடந்தது என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திவிடுவார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கினால் ஒரு அலறல். அங்கே அலறுபவர்கூட படத்தில் அந்தக் காட்சியில் நடித்த ஜேனட் லீ அல்ல, வெரா மைல்ஸ்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமானால் எஸ்.பாலசந்தர் இயக்கிய அந்த நாள் (1954). பாட்டே இல்லாத படம். தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். சுட்டது யார் என்ற ஒரே கேள்விதான் படம் முழுவதையும் இழுத்துச் செல்கிறது.

நாங்கள் ஒரு தாளில் எங்கள் கேள்வியை எழுதினோம்: "அவன் எங்கே?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஷாட்களை எல்லாம் நீக்கினோம். இதற்கு டைம்லைனில் நகரும் கோட்டை வெட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தி, கீ போர்டில் எஸ் கீயை அழுத்தவும். கிளிப் இரண்டாகும். வேண்டாத துண்டைத் தேர்வு செய்து எக்ஸ் கீயை அழுத்தினால் அது நீங்கி, இடைவெளியும் மூடப்படும். ஒரிஜினல் வீடியோவுக்கு எந்தச் சேதமும் இல்லை. எனவே பயமின்றி வெட்டலாம்.

வேகம்

எல்லா ஷாட்டும் ஒரே நீளத்தில் இருந்தால் பார்ப்பவருக்குப் படபடப்பு வராது. முதல் ஷாட்களை 4 விநாடி ஓடவிட்டோம். காலியான படிக்கட்டு, மூடிய கதவு, ஒலிக்கும் போன். பிறகு 2 விநாடி, 1 விநாடி என்று குறைத்தோம். முடிவில் ஒவ்வொன்றும் 10 பிரேம்தான். மொபைலில் விநாடிக்கு 30 பிரேம் எடுத்திருந்தால் அது மூன்றில் ஒரு பங்கு விநாடி. அதன் பின் படமும் ஒலியும் இல்லாத 2 விநாடி இருட்டு. அடுத்து என்ன வரப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது அந்த 2 விநாடியில்தான்.

இருட்டு

த்ரில்லர் என்றால் நிழல் வேண்டும். ஆனால் நிஜ இருட்டில் மொபைலில் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். ஓரளவு வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, எடிட் செய்யும்போது பிரைட்னஸ் பில்டரில் குறைப்பதே நல்லது. கலர் கிரேடிங் பில்டரில் நிழல் பகுதிக்குக் கொஞ்சம் நீலம் சேர்த்தால் இரவு போலவே தெரியும். புரொஜக்டரில் போட்டால் இருண்ட பகுதிகளில் விவரம் காணாமல் போகும் என்பதால் அளவோடு குறைக்கவும்.

ஒலிதான் பாதி பயம்

ஜாஸ் (1975) படப்பிடிப்பில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானது. ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலேயே பல காட்சிகளை எடுக்க வேண்டியதாயிற்று. ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்களே சுறா வருகிறது என்று சொல்லிவிட்டன.

சினிமா பாட்டை எடுத்துவிடச் சொன்னேன். யூட்யூபில் ஏற்றினால் அதன் தானியங்கிச் சோதனையில் மாட்டிக்கொள்ளலாம். பார்சிலோனா பல்கலைக்கழகம் ஒன்றில் 2005ல் தொடங்கப்பட்ட ப்ரீசவுண்ட் தளத்தில் இதயத் துடிப்பு, கதவுக் கிறீச்சல் போன்ற ஒலிகள் கிடைக்கும். ஒவ்வொரு ஒலிக்கும் என்ன அனுமதி தரப்பட்டுள்ளது என்று படித்துவிட்டு டவுன்லோட் செய்திடவும். ஆழ்ந்த தாழ் ஒலிகள் லேப்டாப்பின் சிறிய ஸ்பீக்கரில் சரியாகக் கேட்காது. ஹெட்போனில் சோதித்துப் பாருங்கள்.

சரி, அந்த வில்லன் நண்பனுக்கு என்ன செய்தோம்? அவன் குரல் கேட்பதற்கு மிகவும் அன்பாக இருக்கும். கிளிப்பின் மீது ரைட் கிளிக் செய்து டிடாச் ஆடியோ கொடுத்தால் ஒலி மட்டும் தனியே பிரிந்துவிடும். அப்படிப் பிரித்து, கறுப்புத் திரையில் அவன் பேசும் ஒரு வரியை முதலில் வைத்தோம். "தம்பியைத் தேடுறீங்களா? வாங்க, நானும் வர்றேன்." முடிவில் படத்தின் பெயர், பின் இருட்டு, தாழ்ப்பாள் விழும் சத்தம். மறுபடியும் அதே குரல், அதே வரி. முதல் முறை உதவியாகக் கேட்டது, இரண்டாம் முறை வேறு மாதிரிக் கேட்டது. மொத்தம் 1 நிமிடம் 12 விநாடி. அவன் முகம் எங்கும் இல்லை.

எக்ஸ்போர்ட் கொடுத்து எம்.பி.4 பைலாக்கி எடுத்துச் சென்றார்கள். அன்று இரவு போன் வந்தது. அந்த வரி இரண்டாவது முறை வந்தபோது ஹாலில் சத்தமே இல்லையாம். விளக்கு போட்டதும் அவன் அம்மா, "குரல் நம்ம பையனோடதுதான். ஆனா எனக்கே பயமா இருந்துச்சு" என்றாராம். அவன் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறானாம்.

நீங்களும் முயன்று பாருங்கள். நடிகர்கள்கூட வேண்டாம். உங்கள் வீட்டு மாடிப்படி, ஒரு கதவு, ஒரு குரல் போதும். முதலில் 30 விநாடிக்கு ஒன்று தயார் செய்து, கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். முடிந்ததும் அவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் உங்கள் ட்ரெய்லர் வேலை செய்கிறது.